அவள் பாலைக் குடிச்சாளா?

ஊர் ரெண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். சுத்தப் பொய். ஊர் ரெண்டு பட்டால் டீச்சருக்கு ரெண்டு மடங்கு வேலை. சாத்தூரிலிருந்து சிவகாசி போகும் வழியில், பிரதான சாலையை விட்டு உள்ளே போகும் ஒரு ஊரில், நான் ‘அ’னாவை ரெண்டு தடவை சொல்லிக்கொடுத்தவள். திங்கள், புதன், வெள்ளி மேலத்தெரு. செவ்வாய், வியாழன், சனி கீழத்தெரு. ஞாயிற்றுக்கிழமை தொண்டைக்கு லீவு.

எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்குச் சாயங்கால வகுப்பு எடுக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு நானாகப் போய்ச் சேர்ந்த வேலை அது. அதற்கு முன்னால் சிவகாசியில் ஒரு அச்சாபீசில் ரொம்ப வருஷம் புரூப் பார்த்தேன். காலண்டர், கல்யாணப் பத்திரிகை, மாத நாவல் என்று என் கண்ணில் படாமல் எந்தத் தாளும் மெஷினுக்குப் போகாது. எனக்கு முன்கோபம் அதிகம். ‘ராகு காலம்’ என்பதில் துணைக்காலை விட்டுவிட்டார்கள் என்பதற்காக டைப் அடிக்கிறவர்களைக் காய்ச்சி எடுத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர், “இவ வகுப்பெடுக்கப் போறாளாம். பாவம், யாரு பெத்த பிள்ளைகளோ” என்றார். அவரையும் அன்று ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

முதல் நாள் ஊருக்கு நடுவிலிருக்கிற பள்ளிக்கூடத்தில் கரும்பலகையைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மேற்கேயிருந்து ஒரு கூட்டம் வந்தது. கிழக்கேயிருந்து ஒரு கூட்டம் வந்தது. வாசலில் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பார்த்த கையோடு ரெண்டு கூட்டமும் வந்த வழியே திரும்பிவிட்டது. எனக்கு வந்ததே கோபம்!

“ஏம்மா, உங்க சண்டையில என் சாக்பீஸ் என்னம்மா பாவம் பண்ணுச்சு?” என்று தெருவில் நின்று கத்தினேன். ஒருத்தியும் திரும்பவில்லை. ஒரு வெள்ளாடு மட்டும் நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போனது.

சண்டை இதுதான். சில வருஷங்களுக்கு முன்னால் ஊர்க் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு மேலத்தெரு இளவட்டங்கள் ஒரு பிளெக்ஸ் போர்டு வைத்தார்கள். அது கீழத்தெரு முகப்பை மறைத்தது. எடு என்றார்கள், எடுக்க மாட்டோம் என்றார்கள். வாய் முற்றிக் கல்லானது, கல் முற்றிக் கம்பானது. ரெண்டு தெருவிலும் மண்டைகள் உடைந்தன. போலீஸ் வந்து வேப்பமரத்தடியில் பாய் விரித்து மாதக்கணக்கில் இருந்தது. சாத்தூர் கோர்ட்டில் கேஸ் இன்னும் நடக்கிறது. அன்றோடு பொங்கலும் நின்றது, பேச்சும் நின்றது. தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான், அதற்கு ரெண்டு வரிசை. பஸ் நிறுத்தம் ஒன்றுதான், மேலத்தெரு வேம்புக்கு அடியில் நிற்கும், கீழத்தெரு பூவரசுக்கு அடியில் நிற்கும். வேப்ப நிழல் சாய்ந்து பூவரசுப் பக்கம் போனாலும் மேலத்தெருக்காரி வெயிலில்தான் நிற்பாள். வீம்பு.

சரி, கழுதை, நாமே ரெண்டு தெருவுக்கும் போவோம் என்று முடிவெடுத்தேன். தெருவுக்கு ஒரு வீட்டு முற்றம் கொடுத்தார்கள்.

முற்றத்தில் உட்கார்ந்தார்களே தவிர, கை சும்மா இருக்கவில்லை. அங்கே வீட்டு வேலையென்றால் வெடிக்குக் குழாய் உருட்டுவது. மருந்து கிடையாது, பயம் கிடையாது, வெறும் தாளும் பசையும்தான். அச்சாபீசுகளில் கழித்துப்போட்ட தாள் கட்டுக்கட்டாக வேனில் வரும். அதை வேண்டிய அகலத்துக்கு வெட்டி, ஒரு கம்பியில் சுற்றி, பசை தடவி, உருவி எடுத்தால் குழாய். பிறகு கம்பெனிக்காரர்கள் எடுத்துப்போய் மருந்து போட்டுக்கொள்வார்கள். “கையை நிறுத்திட்டுப் படின்னா வர மாட்டோம் டீச்சர், உருட்டிக்கிட்டே படிக்கச் சொன்னா வாரோம்” என்றார்கள். ரெண்டு தெருவிலும், ஒருவருக்கொருவர் சொல்லிவைத்துக்கொள்ளாமல், அதே வார்த்தை.

எனக்குக் கொடுத்திருந்த பாடப் புத்தகத்தில் ‘இ’க்கு இலை, ‘ஈ’க்கு ஈ. கீழத்தெருவில் ஒருத்தி, “ஈயப் பத்தி எங்களுக்குத் தெரியாததையா டீச்சர் இதுல போட்டிருக்காக? பசைச் சட்டிய எட்டிப் பாருங்க, ஊருப்பட்டது கெடக்கு” என்றாள். வகுப்பே சிரித்தது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு முறைத்தேன். சிலேட்டு வேண்டாமென்றார்கள். பசையை விரலில் தொட்டுச் சிமெண்டுத் தரையிலேயே எழுதினார்கள். நான் அடுத்த தடவை வரும்போது காய்ந்துபோன ‘அம்மா’வும் ‘அப்பா’வும் முற்றம் முழுக்க வெள்ளையாய் மினுங்கும். வீட்டுக்காரம்மா விளக்குமாற்றால் எவ்வளவு தேய்த்தும் போகாது. என் கரும்பலகையில் எழுதியது எதுவும் அத்தனை நாள் நின்றதில்லை.

ஈயைப் பற்றிச் சொன்னவள்தான் என் வகுப்பின் வாய். எந்நேரமும் வெற்றிலை மென்றுகொண்டிருப்பாள் என்பதால் அவளை நான் வெற்றிலைக்காரி என்றே சொல்கிறேன். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். எதற்கும் பொறுமை கிடையாது. அடுப்பில் உலை கொதிப்பதற்குள் அரிசியைப் போடுகிற ஜாதி. ‘க’ படித்த அன்றே “புத்தகம் எப்ப டீச்சர் படிப்போம்?” என்று கேட்டவள்.

மேலத்தெரு வகுப்பில் ஒருத்தி இருந்தாள், இவளுக்கு நேர் எதிர். கண்ணாடிக்காரி. தடித்த கண்ணாடி. பேச்சு அளந்துதான் வரும். ஒரு வார்த்தையைப் படிக்கச் சொன்னால் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, மாட்டி, தொண்டையைச் செருமி, அதற்குப் பிறகு படிப்பாள். எனக்குப் பொறுமை போய்விடும். ஆனால் படித்தால் தப்பில்லாமல் படிப்பாள்.

இந்த ரெண்டு பேரும் ஒரு காலத்தில் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி இருந்தவர்கள் என்பதை எனக்குச் சொன்னது வெற்றிலைக்காரிதான். வெடிக் கம்பெனியில் ஒரு அறைக்கு நாலு பேருக்கு மேல் உட்காரக்கூடாது. அந்த நாலில் ரெண்டு பேர் எப்போதும் இவர்கள். ஒரே தூக்குவாளியில் சாப்பாடு. ஒருநாள் பக்கத்து அறையில் வெடிமருந்து பற்றிக்கொண்டபோது, வெற்றிலைக்காரி என்ன ஏதென்று பார்க்க உள்ளே திரும்ப, கண்ணாடிக்காரிதான் அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று முள்ளுக்காட்டுவரை இழுத்துக்கொண்டு ஓடினாளாம். “மெல்லமாத்தான் எல்லாம் செய்வா. அன்னிக்கு மட்டும் காத்தா ஓடுனா டீச்சர்.”

பொங்கல் சண்டையில் வெற்றிலைக்காரியின் வீட்டுக்காரருக்குக் கை முறிந்தது. கேஸில் எதிர்த்தரப்பில் கண்ணாடிக்காரியின் மகன் பெயர் இருந்தது. அவன்தான் அடித்தானா, அங்கே நின்றானா, யாருக்குத் தெரியும்? அதன்பிறகு ரெண்டு வீட்டு ஆண்களும் இவர்களைக் கம்பெனிக்கு அனுப்பவில்லை. வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வார்த்தை கிடையாது.

“அவ மகன் திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போறானாம். தீவாளி கழிஞ்சதும் இவளயும் கூட்டிட்டுப் போறானாம்” என்றாள் வெற்றிலைக்காரி ஒருநாள். மற்றவர்கள் எழுந்துபோன பிறகு, பசைச் சட்டியைக் கழுவுகிற சாக்கில் நின்றாள். “அதுக்குள்ள ஒரு தடவ பேசிப்புடணும் டீச்சர்.”

“பேச வேண்டியதுதானே?”

“என்னன்னு பேச? மூணு வருசமாச்சு. நல்லாருக்கியான்னு கேட்டா, ஒன் மகனால நாங்க நல்லாயில்லடின்னு அர்த்தமாயிரும். மன்னிச்சிருன்னா, எங்க வீட்டு ஆம்பளக்கித்தான கை முறிஞ்சது, நான் எதுக்குக் கேக்கணும்? மொதப் பேச்சு என்ன பேசுறதுன்னுதான் டீச்சர் தெரியல. அது மட்டும் தெரிஞ்சா, அதுக்குமேல தானா வந்துரும்.”

வாய் இருக்கிற எனக்கே தெரியவில்லையே என்று பஸ்ஸில் வரும்போது எரிச்சலாக இருந்தது.

தீபாவளி சீசன் சூடு பிடித்த சமயம் அது. ஒரு செவ்வாய்க்கிழமை கீழத்தெருவில் நுழைகிறேன், வெற்றிலைக்காரி ஒரு பெரிய தாளைக் கொடியில் சேலை மாதிரி தொங்கவிட்டு அதன் முன்னால் நிற்கிறாள். “டீச்சர், இதுல பேச்சு மாதிரி வருது. இங்கன பாருங்க, ‘அத்தை’ன்னு போட்டிருக்கு.”

பார்த்தேன். மாத நாவல். என் பழைய பிழைப்பு. புத்தகம் அச்சடிக்கும்போது பதினாறு பக்கத்தை ஒரே பெரிய தாளில் அடிப்பார்கள். அதற்குப் பாரம் என்று பெயர். மை சரியில்லையென்று கழித்துவிட்டால் அந்த ஒரே பாரம் நூற்றுக்கணக்கில் கழிவுக்கு வரும். அன்று கீழத்தெருவுக்கு வந்த கட்டு முழுக்க ஒரு நாவலின் முதல் பாரம். ஒவ்வொருத்தி மடியிலும் அதே பதினாறு பக்கம்! எந்த அரசாங்கம் எனக்கு இப்படிப் பாடப் புத்தகம் கொடுக்கும்? வெட்டுவதற்கு முன்னால் ஆளுக்கொரு தாளை எடுத்து வைக்கச் சொன்னேன். அந்த ‘ஈ’ புத்தகத்தைப் பைக்குள் போட்டேன். அது திரும்ப வெளியே வரவேயில்லை.

எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தார்கள். கதை என்னவென்றால், ஒரு டாக்டர் வீட்டுக்குப் புதிதாய் வந்த மருமகள். உண்டாயிருக்கிறாள். ஒரு சாயங்காலம் மாமியார் அடுக்களையில் முந்தானையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, பாலில் எதையோ போட்டுக் கலக்குகிறாள். மருமகள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிடுகிறாள். மாமியார் சிரித்துக்கொண்டே டம்ளரை நீட்டுகிறாள். மருமகள் வாங்குகிறாள். உதட்டருகே கொண்டுபோகிறாள். பாரம் முடிந்தது.

“அடி சண்டாளி!” என்றது கீழத்தெரு ஒரே குரலில்.

“மீதி எங்க டீச்சர்? குடிச்சாளா?” என்று வெற்றிலைக்காரி கட்டைத் தலைகீழாகப் புரட்டினாள். எல்லாம் அதே பாரம். “எம்மா, எனக்கு நெஞ்சு அடைக்குதே. குடிச்சாளா இல்லையா?”

மறுநாள் மேலத்தெருவுக்குப் போகிறேன். அங்கே கண்ணாடிக்காரி மடியில் ஒரு பாரம். அதே நாவல், அதே மங்கிய மை. ரெண்டாம் பாரம்! ஒரே வேன் கொண்டுவந்த சுமை, பாதி கிழக்கே இறங்கியிருக்கிறது, பாதி மேற்கே. இவர்கள் பாரத்தில் எடுத்த எடுப்பில் மாமியார் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து அழுகிறாள். டம்ளர் மேஜைமேல் தளும்பத் தளும்ப இருக்கிறது. பார்த்தால் அதிலிருப்பது குங்குமப்பூ. இன்ஸ்பெக்டர் மருமகளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறார். மாமியார் யாரிடமும் பேசாமல் வீட்டுக்கு வந்து, பையில் நாலு சேலையைத் திணித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறாள். மருமகள் பின்னாலேயே ஓடி வந்து “அம்மா!” என்று கூப்பிடுகிறாள். பஸ் படியில் ஒரு காலை வைத்திருந்த மாமியார்... அவ்வளவுதான், பாரம் முடிந்தது.

மேலத்தெரு கொதித்தது. “அந்தப் பொம்பளையப் போயி போலீஸ்ல விட்டிருக்காளே, இவளும் ஒரு மருமகளா?” என்றார்கள். கண்ணாடிக்காரி மட்டும், கண்ணாடியைத் துடைத்து மாட்டி, “சும்மாவா ஒருத்தி போலீசுக்குப் போவா? முன்ன என்ன நடந்துச்சுன்னு தெரியணும்ல” என்றாள்.

நான் இடையில் மாட்டிக்கொண்டேன். ஊரிலேயே ரெண்டு பாரமும் படித்தவள் நான் ஒருத்திதான். கீழத்தெரு என் முந்தானையைப் பிடித்து இழுத்தது: “டீச்சர், குடிச்சாளான்னு மட்டும் சொல்லிருங்க.” மேலத்தெரு எனக்குக் கடுங்காப்பி போட்டுக் கொடுத்து, “மொதல்ல என்ன நடந்துச்சு டீச்சர்?” என்றது. எனக்கு வாய் நமநமவென்றது. சொல்லியிருப்பேன். ஆனால் அந்த வெள்ளாட்டின் ஞாபகம் வந்தது. எத்தனை கத்தியும் திரும்பாமல் போனவர்கள்தானே? பிடிவாதம் எனக்கும் உண்டு.

“நான் சொல்ல மாட்டேன். வேணும்னா அங்கன போய்க் கேளுங்க” என்று ரெண்டு தெருவிலும் கையை ஓங்கி நீட்டிக் காட்டினேன். கீழத்தெருவில் மேற்கே காட்டினேன், மேலத்தெருவில் கிழக்கே.

அடுத்த ரெண்டு வாரம் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. கீழத்தெரு முழுக்க மருமகள் கட்சி. மேலத்தெரு முழுக்க மாமியார் கட்சி. கீழத்தெருவில் நிஜ மாமியார்கள்கூட மருமகள் கட்சியில் இருந்தார்கள். மேலத்தெருவில் ஒரு கிழவி, “மாமியா ஒடச்சா மண்கொடம், மருமக ஒடச்சா பொன்கொடம்கிறது மாறிப்போச்சு பாத்தியா” என்று எனக்கே பாடம் எடுத்தாள். குழாய் வேலை மந்தமானது. வெட்டுவதற்கு முன்னால் எல்லாக் கட்டையும் புரட்டிப் பார்த்தார்கள், மீதி வந்திருக்கிறதா என்று. வேனில் தாள் கொண்டுவருகிறவர் என்னைப் பஸ் நிறுத்தத்தில் மடக்கினார்.

“என்ன டீச்சர், சீசன் நேரத்துல இப்படிப் பண்ணுதீகளே? ஆர்டர் அம்புட்டும் நிக்குது. உருட்டுங்கன்னா, ‘இருங்க அண்ணாச்சி, இந்தப் பக்கத்தப் படிச்சுக்கிடுதோம்’ங்காளுக. நீங்க வாரதுக்கு முன்ன ஒருத்திக்கும் இந்தச் சீக்கு கெடையாது.”

“மேலத்தெருத் தாள்ல நாலு எடுத்துக் கீழத்தெருவுல போட்டா தீந்துச்சுல்ல?” என்றேன், நைசாக.

“ஆத்தாடி! எனக்கெதுக்கு அந்த வம்பு? ஒரு போர்டுக்கே மண்டைய ஒடச்ச ஊரு இது.” வேனைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

தீபாவளிக்கு முன்னால் ஒரு வாய்தா வந்தது. என் வீடு கோர்ட்டுக்குப் பின்தெருவில்தான். “நாங்க வாரோம், நீங்களும் ஒரு எட்டு வாங்க டீச்சர்” என்று வெற்றிலைக்காரி சொல்லியிருந்தாள். குரலில் ஒரு மாதிரி இருந்தது. இனிமேல் வாய்தாவுக்குக் கண்ணாடிக்காரி வர மாட்டாள், மகன் மட்டும் திருப்பூரிலிருந்து வந்துபோவான். இதுதான் கடைசி. நான் ஒரு பொட்டலம் சேவு வாங்கிக்கொண்டு போனேன்.

கோர்ட்டு வளாகத்தில் ஆண்களை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். வராண்டாவில் ரெண்டு பெஞ்சு, எதிரெதிரே. ஒன்றில் கண்ணாடிக்காரி தனியாக. இன்னொன்றில் வெற்றிலைக்காரியும் நானும். நடுவில் தண்ணீர் டிரம். அவள் கூரையைப் பார்க்கிறாள். இவள் தரையைப் பார்க்கிறாள். வெற்றிலையைக்கூட மெல்லவில்லை. நான் சேவுப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினேன், வேண்டாமென்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு பேசுகிறவளுக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லையே!

திடீரென்று எழுந்தாள். டிரம்முக்குப் போனாள். டம்ளரில் தண்ணீர் பிடித்து வாயருகே கொண்டுபோனவள், அப்படியே நின்றாள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே எதிர்ப் பெஞ்சைப் பார்த்துத் திரும்பினாள்.

“ஏடி,” என்றாள், “அவ பாலைக் குடிச்சாளா?”

கண்ணாடிக்காரி கண்ணாடியைக் கழற்றினாள். முந்தானையில் துடைத்தாள். துடைத்தாள், துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். சீக்கிரம் சொல்லித் தொலையேன் என்று நான் பல்லைக் கடித்தேன். மாட்டினாள். தொண்டையைச் செருமினாள்.

“குடிக்கல.”

“குடிக்கலயா! அப்பாடி!”

“டம்ளரோட போலீஸ் ஸ்டேசனுக்குத் தூக்கிட்டுப் போயிட்டா, கிறுக்கி. அந்த மனுசி அங்கன ஒக்காந்து அழுதா பாரு, எனக்கு வயித்தெரிச்சல் தாங்கல.”

“அழட்டும். விசம் வச்சவ அழாம?”

“விசமாவது வெங்காயமாவது? குங்குமப்பூடி! உண்டான பிள்ளைக்குப் போட்டுக் குடுத்திருக்கா.”

வெற்றிலைக்காரி டம்ளரோடு போய் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். “குங்குமப்பூன்னா நேராப் போட வேண்டியதுதான? எதுக்கு முந்தானைக்குள்ள ஒளிச்சு வச்சா?”

“ஒளிச்சு வச்சாளா?” கண்ணாடிக்காரியின் கண் கண்ணாடிக்குள் பெரிதானது. “அத நீ பாத்தியா?”

“படிச்சேன்” என்றாள் வெற்றிலைக்காரி. அந்த ஒரு சொல்லை அவள் சொன்ன தோரணையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

“அப்ப அந்தப் பிள்ள மேலயும் தப்பில்ல” என்று யோசித்தாள் கண்ணாடிக்காரி. “இவ மறைச்சா, அவ பயந்துட்டா. கண்ணு பட்டுரும்னு மறைச்சிருப்பாடி. எங்க அத்தையும் எனக்கு அப்படித்தான குடுத்தா, கதவச் சாத்திக்கிட்டு.”

“ஆமா, ஒங்க அத்தை. மூத்தவன் வயித்துல இருக்கையில. நீ வாந்தி எடுத்து எஞ் சேலைய நாறடிச்ச.”

கண்ணாடிக்காரி சிரித்தாள். அவள் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. சிரிப்பு பாதியிலேயே அழுகையானது, ரெண்டு பேருக்கும். நான் எதற்கு அழுதேனென்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் மூக்கைச் சிந்தினேன். சேவுப் பொட்டலத்தை இந்தத் தடவை கேட்காமலே பிடுங்கிக்கொண்டார்கள்.

ஆண்கள் வெளியே வந்தபோது இவர்கள் மும்முரமாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். வெற்றிலைக்காரியின் வீட்டுக்காரர், வளைந்த கையோடு அப்படியே நின்றுவிட்டார். “என்னடி நடக்குது இங்கன?”

“சும்மா இருங்க, கத முடியல” என்றாள் இவள், தலையைத் திருப்பாமலே.

கண்ணாடிக்காரியின் மகன், “எம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றான்.

“போற பஸ்ஸு போகட்டும். அடுத்த பஸ்ஸு வராமலா போயிரும்?”

அவரும் அவனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஆனால் ரெண்டு பேரும் ஒரே படியில், கொஞ்சம் தள்ளித் தள்ளி உட்கார்ந்து காத்திருந்தார்கள். வேறென்ன செய்வார்கள்?

மறுநாள் பள்ளிக்கூடத்தைத் திறந்து வைத்தேன். எல்லோரும் வந்தார்களென்று சொன்னால் அது அந்த நாவலைவிடப் பெரிய கதை. மேற்கேயிருந்து சிலர், கிழக்கேயிருந்து சிலர். வராதவர்கள் இன்றும் வரவில்லை. அவர்களுக்கு நான் இன்னும் வீடு தேடிப் போகிறேன். கேஸும் நடக்கிறது. ஆனால் வந்தவர்கள் முதல் பாரத்தையும் ரெண்டாம் பாரத்தையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, முதலிலிருந்து சத்தமாகப் படித்தார்கள். மாமியார் கட்சிக்கும் மருமகள் கட்சிக்கும் நடந்த சண்டையை விலக்க என் தொண்டைதான் போனது. இந்தச் சண்டைக்கு எந்தப் போலீசும் வேண்டியிருக்கவில்லை.

தீபாவளி கழிந்ததும் கண்ணாடிக்காரி திருப்பூர் போனாள். பஸ் நிறுத்தத்தில் வெற்றிலைக்காரி வேம்பின் அடியில் நின்றாள், மேலத்தெரு நிழலில். பஸ் படியில் காலை வைத்தவளிடம், “ஏடி, கடைசியில மாமியா எறங்கி வந்தாளா, அப்படியே போயிட்டாளா?” என்றாள்.

“எனக்கென்னடி தெரியும்? அந்தப் பாரம் எங்களுக்கும் வரலயே” என்றாள் அவள். பஸ் போய்விட்டது. கொஞ்ச நாள் கழித்து வெற்றிலைக்காரியின் செல்போனுக்குத் திருப்பூரிலிருந்து ஒரு சேதி வந்தது. யாரையும் படிக்கச் சொல்லாமல், வகுப்பின் நடுவில் நின்று தானே கூட்டிப் படித்தாள்: “மூணாம் பாரம் வந்தா நான் வர்றவரை உருட்டிராத.”

மாசி மாதம் அது வந்தேவிட்டது. அதே மங்கிய மை. கட்டைப் பிரித்தவளே வெற்றிலைக்காரிதான். ஒரே தாள்தான் மிச்சமாம், மீதியெல்லாம் வேறு கழிவாம். அப்படித்தான் சொல்கிறாள். நாலாய் மடித்து, அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருக்கிறாள். பங்குனிக்குக் கண்ணாடிக்காரி ஊருக்கு வருகிறாளாம், வந்த பிறகுதான் பிரிப்பாளாம். உலை கொதிக்கப் பொறுக்காதவள், ஒரு மாதமாகச் சோறு வடிக்கிற ஒவ்வொரு வேளையும் அந்தப் பானையில் கைவிட்டு அரிசியை அள்ளுகிறாள், தாளைத் தொடவில்லை.

எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. என் அச்சாபீஸ் ஆட்களையெல்லாம் விசாரித்துப் பார்த்தேன், ஒருவருக்கும் அந்த நாவல் ஞாபகமில்லை. வெட்கத்தை விட்டுக் கேட்டேன். “கடைசிப் பக்கம் மட்டும் காட்டுடி. பார்த்துட்டு யாருட்டயும் சொல்ல மாட்டேன்.”

“அந்த மாமியா எறங்கி வந்தாளா இல்லையான்னு தெரியணும், அம்புட்டுத்தான?”

“ஆமா. சொல்லு.”

வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, எழுந்து நின்று, நான் காட்டிய அதே மாதிரி கையை ஓங்கி மேற்கே நீட்டினாள்.

“நான் சொல்ல மாட்டேன் டீச்சர். வேணும்னா திருப்பூருக்குப் போய்க் கேளுங்க. அவ வந்தாத்தான் எனக்கே தெரியும்.”